குடும்பப் பெண்களின் வறுமை பற்றிய நாவல்: பாதியில் ஏன் தொய்கிறது?

கேள்வி: பாட்டி, அம்மா, இரண்டு மகள்கள். கடனில் மூழ்கும் குடும்பம், 30 அத்தியாயம். 12க்குப் பிறகு அழுகைதான் மிஞ்சுகிறது. எங்கே பிசகு?

பதில் 1: கணக்கு இல்லாததுதான். தனித்தாளில் மாத வரவு செலவு போடுங்கள். வரவு 100 என்றால் வாடகை 40, வட்டி 25, மீதி 35இல் நான்கு பேர். மருந்தா, பள்ளிக் கட்டணமா என்று யாராவது முடிவெடுத்தே ஆகவேண்டும். அந்த முடிவுதான் காட்சி. கட்டாத வட்டி அசலோடு சேர்வதையும் அத்தியாயவாரியாகக் குறித்துவையுங்கள். 8இல் அடகுக்குப் போன வளையல் 15இல் கையில் குலுங்குவது இவ்வகை நாவல்களில் சகஜமான பிழை.

பதில் 2: கணக்கு மட்டும் போதாது. நால்வரும் தியாகச் சுடர்களாக இருந்தால் கதை நகராது. காசை ஒளித்துவைப்பவள் ஒருத்தி வேண்டும். மூத்தவள் சம்பாதிக்கத் தொடங்கியதும் வீட்டு அதிகாரம் யார் கைக்குப் போகிறது? அம்மா விட்டுக்கொடுப்பாளா? (ஆண்களையெல்லாம் குடிகாரர்களாக்கித் தப்பிக்காதீர்கள், ப்ளீஸ்.)

கேள்வி கேட்டவர்: யார் பார்வையில் சொல்வது?

பதில் 1: இளையவள். ஆனால் கடன் தொகை அவளுக்குத் தெரியக்கூடாது. கதவுக்கு அப்பால் காதில் விழுந்த அளவுதான். பிறகு 'வறுமை' என்ற சொல்லைத் தேடி, வந்த இடமெல்லாம் நீக்கிப் பாருங்கள். பெரும்பாலான வாக்கியங்கள் அது இல்லாமலே தேறும்.