மறு: ‘ஹேப்டிக்’ – ஊறா, தொடுகையா, விசையா?

அனைவருக்கும் வணக்கம். அறுவைப் பயிற்சிப் பொறி ஒன்றைப் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு நம் குழுவில் டாக்டர் அம்மா எழுதியிருந்தார். அதற்கு வந்த மடல்களிலிருந்து சில வரிகளை எடுத்துவைத்துப் பதில் சொல்கிறேன்.

> ஹேப்டிக் என்றால் தொடு உணர்வுதானே. ‘தொட்டுணர்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான். ஆனால் டாக்டர் அம்மா கேட்டது கைப்பேசி அதிர்வுக்கான சொல் அல்ல. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைக் குடைய மருத்துவர்கள் பழகும் கணினிப் பொறிக்கான சொல். அந்தப் பொறியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் ‘தொட்டுணர்’ இடிக்கிறது.

பயிற்சி பெறுபவரின் விரல்கள் தொடுவது பேனா போன்ற ஒரு பிடியை மட்டுமே. தொடக்கம் முதல் கடைசிவரை அதே பிளாஸ்டிக், அதே வழவழப்பு. அந்தப் பேனா மூட்டுகளுள்ள ஒரு சிறு கையோடு இணைந்திருக்கிறது, மூட்டுகளில் மோட்டார்கள். திரையில் குடைமுனை எலும்பில் பட்டதும் மோட்டார்கள் எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கைத்தடியால் தரையைத் தட்டினால் மண்ணா சிமெண்டா என்று தெரிந்துவிடுகிறதே, அந்த வகை அறிவு இது. தோலுக்கு இதில் பங்கு குறைவு. தசையும் மூட்டும்தான் உணர்கின்றன.

இந்தக் கருவிகளின் முன்னோடி ‘ஃபேண்டம்’. 1990களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மேஸியும் கென்னத் சாலிஸ்பரியும் உருவாக்கியது. (மேஸி 2012இல் கென்டக்கியிலிருந்து அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வானார். எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறார்கள் பாருங்கள்!) சாலிஸ்பரி பின்னர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். காது எலும்பு குடையும் பயிற்சி மென்பொருளை அங்கே உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். ஹாம்பர்க்கின் ‘வாக்ஸல்மேன்’, டென்மார்க்கின் ‘விசிபிள் இயர்’ இரண்டும் இதே வேலைக்கானவை. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: சி.டி. ஸ்கேன் போன்ற படங்களிலிருந்து எலும்பைச் சின்னஞ்சிறு கனச்சதுரங்களாக அடுக்கிவைப்பது, முனை பட்ட சதுரங்களை நீக்கிக்கொண்டே வருவது, எவ்வளவு ஆழம் அமுங்கியது என்று பார்த்து எதிர்விசையைக் கணக்கிடுவது.

கண்ணை ஏமாற்ற நொடிக்கு 30 முதல் 60 படம் போதும். கையை ஏமாற்ற ஏறத்தாழ 1000 முறை விசையைக் கணக்கிட வேண்டும். அது குறைந்தால் கெட்டியான எலும்பு கையில் கிடுகிடுவென்று அதிரும், இல்லையென்றால் ரப்பர் போல அமுங்கும். சிறிய மேசைக் கருவிகள் தரக்கூடிய உச்ச விசையோ சுமார் 3 நியூட்டன்தான், அதாவது முந்நூறு கிராம் சொச்சம் எடை. ஆகவே இங்கே பேச்செல்லாம் விசையைப் பற்றியது. சூடு கூட இந்தப் பொறியில் வராது. உண்மை அறுவையிலோ சூடு பெரிய விஷயம். எலும்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே திசு கெடத் தொடங்கும் என்பது 1980களிலிருந்து சொல்லப்படும் எல்லை. அதனால்தான் விடாமல் நீர் பீய்ச்சிக்கொண்டே குடைகிறார்கள். ‘தொட்டுணர்’ என்று பெயர் வைத்தால் சூடும் சொரசொரப்பும் அதற்குள் வந்துவிடும். பொறி தராததைப் பெயர் வாக்களிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

> பழந்தமிழில் ‘ஊறு’ இருக்கும்போது வேறு எதற்கு?

புலவர் ஐயாவின் வாதம் வலுவானது. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் ஐம்புலன்களை அடுக்கும்போது தொடுபுலனுக்கு வைத்த பெயர் ஊறு. ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்று தொல்காப்பியமும் அதிலிருந்துதான் உயிர்களை எண்ணத் தொடங்குகிறது. இதைவிடப் பழைய வேர் கிடைக்காது. ஆனால் ஐயா, அறுவை அரங்கில் ‘ஊறு’ என்றால் இன்று என்ன பொருள்? ஊறு விளைந்தது என்றால் காயம். முக நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. அதில் முனை பட்டால் நோயாளியின் பாதி முகம் செயலிழக்கும். அந்த ஆபத்தைத் தவிர்க்கப் பழகும் பொறிக்கு ‘ஊறுப் பயிற்சிப் பொறி’ என்று பலகை மாட்டினால் நோயாளி படியேறமாட்டார்.

‘தீண்டல்’ வேண்டாம். காரணத்தை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஊறு கைவிட்டாலும் ‘உற்றறி’ கைகொடுக்கிறது. அதில் காயத்தின் சாயல் இல்லை. எனவே ஒட்டுமொத்தத் துறைக்கு ‘உற்றறிவியல்’, அதன் கருவிகளுக்கு ‘உற்றறி கருவி’. அதற்குள் இரண்டு கிளை: தோலில் படும் அதிர்வு, சூடு, சொரசொரப்புக்குத் ‘தொடுவுணர்’, எதிர்விசைக்கு ‘விசையுணர்’. கைப்பேசி அதிர்வு முதல் கிளை. டாக்டர் அம்மாவின் பொறி இரண்டாவது. ‘உற்று’ என்றதும் உற்றுப் பார்ப்பது நினைவுக்கு வரும் என்று யாரேனும் சொல்லக்கூடும். வரட்டுமே. ‘அறி’ பின்னால் ஒட்டியிருக்கும்வரை குழப்பம் நீடிக்காது.

அடுத்து ‘டிரில்லிங்’. முந்தைய மடல்களில் எல்லோரும் ‘துளையிடல்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். முறிந்த தொடை எலும்பில் தகடு வைத்துத் திருகாணி பூட்டும்போது அது பொருத்தமே. ஆனால் காது மருத்துவர் துளை போடுவதில்லை. உருண்டை முனையை எலும்பின்மேல் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, படலம் படலமாகச் சீவி, ஒரு குழிவை உண்டாக்குகிறார். முதலில் பற்கள் உள்ள வெட்டுமுனை. நரம்பையோ மூளையுறையையோ நெருங்கும்போது வைர முனைக்கு மாறுகிறார். எலும்பு மெலிய மெலிய ஒலியின் சுருதியும் மாறும். தேர்ந்தவர்கள் காதாலும் வேலை செய்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘குடைதல்’ என்று கச்சிதமான சொல் இருக்கிறதே! காது குடைவது என்றால் கோழி இறகு ஞாபகம் வரும் என்று ஒரு நண்பர் கிண்டலடித்திருந்தார். ‘எலும்புக் குடைவு’ என்று சேர்த்தே எழுதினால் இறகு பறந்துவிடும். துளைத்தல் ஒன்று, குடைதல் ஒன்று. இரண்டுக்கும் விசையைக் கணக்கிடும் விதமே வேறு, சொல்லையும் பிரித்தே வைப்போம்.

‘விர்ச்சுவல் ரியாலிட்டி’க்கு மெய்நிகர் வேரூன்றிவிட்டது, அதைத் தோண்ட வேண்டாம்.

> சிமுலேஷன் = பாவனை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதே.

தமிழ்நாட்டில் சரி, ஒன்றைப் போலவே செய்து பார்ப்பது என்று புரிந்துகொள்வார்கள். இலங்கை நண்பர்களைக் கேளுங்கள். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர். ‘பாவனைப் பொறி’ என்று யாழ்ப்பாணத்தில் எழுதினால், பாவிக்காத பொறி எது என்று கேட்பார்கள். பயிற்சிக்கான இடங்களில் ‘ஒத்திகை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இரு கரையிலும் ஒரே பொருள். வேறொரு பொருத்தமும் இருக்கிறது: குறிப்பிட்ட நோயாளியின் ஸ்கேனையே ஏற்றி, நாளைக்குச் செய்யப்போகும் அறுவையை இன்றைக்கே ஒருமுறை செய்து பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அது சுத்தமான ஒத்திகை. புயல் எப்படி நகரும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பதற்கு இந்தச் சொல் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே பாவனையோ உருவகிப்போ இருந்துவிட்டுப் போகட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆக, டாக்டர் அம்மாவின் பட்டியலுக்கு என் முன்மொழிவு: ‘விசையுணர் எலும்புக்குடைவு ஒத்திகைப் பொறி’. நீளம்தான். அன்றாடப் பேச்சில் ‘குடைவு ஒத்திகை’ என்று சுருங்கிவிடும்.

எலும்பு மருத்துவ நண்பருக்கு ஒரு கேள்வி பாக்கி. திருகாணிக்குத் துளையிடும்போது முதல் பக்கம் கெட்டி, நடுவில் மென்மை, மறுபக்கம் மீண்டும் கெட்டி. அந்த மறுபக்கமும் அறுந்த நொடியில் கை கட்டுப்பாடின்றி முன்னே பாய்ந்து, பின்னாலிருக்கும் தசையையும் ரத்தக்குழாயையும் குத்திவிடும் அல்லவா? ஆங்கிலத்தில் அதை ‘பிளஞ்ச்’ என்கிறார்கள். இந்த ஒத்திகைப் பொறிகள் அளந்து காட்டும் முக்கியமான பிழைகளில் அதுவும் ஒன்று. ‘கைப்பாய்ச்சல்’ என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் அறுவை அரங்கில் மூத்த மருத்துவர்கள் இளையவர்களை எச்சரிக்கும்போது தமிழில் என்ன சொல்கிறார்கள்? தச்சுப் பட்டறையில் வேறு சொல் புழங்கினாலும் எழுதுங்கள்.