டிராபி மீன் என்று நோட்டில் எதை ஏற்றுவது? எடையா, நீளமா?

தக்கை_குடியாத்தம்:

வணக்கம். குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி பக்கம் தூண்டில் போடுகிற பத்துப் பேர் சேர்ந்து ஒரு நோட்டு வைக்கப் போகிறோம். வருஷத்தில் யாருக்கு எது பெரிதாக விழுந்தது என்று அதில் ஏற வேண்டும். நோட்டு திறக்கும் முன்பே பேச்சு முற்றிவிட்டது. காசு கட்டிப் பிடிக்கிற குட்டையில் 8 கிலோ கட்லா எடுத்தவர் அதுதான் முதலிடம் என்கிறார். காவேரிப்பாக்கம் ஏரியில் 64 செ.மீ. விரால் எடுத்தவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? எந்த அளவைத் தாண்டினால் டிராபி என்று சொல்லலாம்? நம்ம பக்கத்துத் தண்ணீர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிமதகு:

தம்பி, இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் சண்டைக்குக் காரணம். மீனுக்கு ஒரு பக்கம், தண்ணீருக்கு ஒரு பத்தி என்று நோட்டைப் பிரியுங்கள். கட்லாவைக் கட்லாவோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் குட்டைக் கட்லா வேறு, ஏரிக் கட்லா வேறு, அணைக் கட்லா வேறு.

காரணம் இதுதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடுகிற வெள்ளத்தில் முட்டையிடுகிற ஆற்று மீன்கள். தேங்கிய ஏரியில் அவை இனம் பெருக்காது. நம்ம ஏரியில் இருப்பதெல்லாம் மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்காரர் வாங்கி விட்ட குஞ்சுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி பிடித்ததும் குஞ்சு விடுவார்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு அரித்துவிடுவார்கள். அப்படி வருஷா வருஷம் காய்கிற ஏரியில் கட்லாவின் வயதே ஏழெட்டு மாதம். அங்கே ஒரு கிலோ சாதாரணம். 2 கிலோ தாண்டினால் அந்த ஏரிக்கு அது டிராபிதான், வெட்கப்படாமல் எழுதலாம். மோர்தானா அணை மாதிரி அடுத்த மழை வரைக்கும் தண்ணீர் நிற்கிற இடத்தில் கட்லா மூன்று, நாலு வருஷம் தப்பித்து வளரும். அங்கே 2 கிலோவுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டாம், 10 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். காசு கட்டும் குட்டையில் தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்த மீனின் எடை, தீனி போட்டவரின் கைவண்ணம். அதை ஒரு தனிப் பக்கத்தில் எழுதுங்கள், முதலிடத்துக்கு எடுக்காதீர்கள்.

விரால் கதை தலைகீழ். அதற்குக் காற்றை விழுங்கி மூச்சு விடத் தெரியும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் இறங்கி அடுத்த மழை வரை கிடக்கும். அதே ஏரியில் குஞ்சு விட்டும் வராது, தானே பெருகும். ஆக ஒரே ஏரியில் 2 கிலோ கட்லாவுக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது. 64 செ.மீ. விரால் பல கோடையையும் பல வலையையும் தாண்டி வந்திருக்கும். உங்கள் நண்பர் ஒத்துக்கொள்ளாததில் நியாயம் இருக்கிறது.

என் அளவு: விரால் 60 செ.மீ. நோட்டில் ஏறலாம், 70 டிராபி. ஜிலேபிக் கெண்டை 35 செ.மீ. வாளை 1 மீட்டர். ரோகு அணையில் 5 கிலோ. குறவை சின்ன ஜாதி, அதற்கு 25 செ.மீ. கூட நல்ல மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அதை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. எவ்வளவு பெரிதாக வந்தாலும் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாத மீன் அது.

பொன்னை_அணைக்கட்டு:

அண்ணன் சொன்ன பிரிவு சரி. எடையை விட்டு நீளத்துக்குப் போங்கள் என்பது என் கருத்து. ஆனி, ஆடியில் சினை பிடித்த மீன் அதே நீளத்துக்குக் கூடுதலாக நிறுக்கும். மழைக்குப் பிறகு இளைத்துப் போயிருக்கும். நீளம் மாறாது. கரையில் தராசும் தேவையில்லை.

ஆனால் நீளத்தை எடுக்கத் தெரிய வேண்டும். டேப்பை மீனின் மேல் போட்டு எடுத்தால் வயிற்று வளைவோடு போய் இரண்டு, மூன்று செ.மீ. ஏறும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை, ஒரு முனையில் குத்துக்கட்டை அடித்து, அங்கிருந்து டேப்பை ஒட்டிவிடுங்கள். பலகையை நனைத்து, மீனை வலப்பக்கமாகப் படுக்கவைத்து, வாயை மூடி மூக்குக் கட்டையில் முட்டும்படி தள்ளுங்கள். கட்லாவுக்கு வால் கவட்டையாகப் பிரிந்திருக்கும். கவட்டையின் நடு வரை ஒரு நீளம் வரும், வாலை இரண்டு விரலில் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு நீளம் வரும். எதை எடுப்பது என்று முதல் நாளே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். விராலுக்கு வால் வட்டம், அந்தத் தகராறு கிடையாது.

படம் எடுக்கும்போது மீனை இரண்டு கையாலும் கேமரா பக்கம் நீட்டினால் அரை கிலோ மீன் இரண்டு கிலோவாகத் தெரியும். அந்தப் படம் கணக்கில் வராது. மீன் பலகையில் கிடக்க, மூக்கும் வாலும் எண்ணும் ஒரே படத்தில், நேர் மேலிருந்து எடுத்ததுதான் சாட்சி.

மீன் வெளியே இருக்கும் நேரம் அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பலகை, போன், ஈரத்துணி எல்லாம் தயாரான பிறகே மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். அதுவரை வலையோடு தண்ணீரிலேயே கிடக்கட்டும். காய்ந்த கையாலும் வெயிலில் சுட்ட பாறையிலும் பட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்துபோகும். விட்ட மீன் நீந்திப் போகும், நாலு நாளில் புண் பிடித்துச் சாகும்.

தக்கை_குடியாத்தம்:

நன்றி அண்ணே. நீளம் என்றால் குட்டைக் கட்லாக்காரருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் எங்களில் பாதிப் பேர் எடை தெரியாமல் விட மாட்டார்கள். கொக்கித் தராசில் செவுளில் மாட்டித் தூக்குகிறார்கள். அது சரியா?

வாலாஜா_நரம்பு:

செவுளில் மாட்டித் தூக்காதீர்கள். 5 கிலோவுக்கு மேலான மீனின் முழு எடையும் செவுள் வளைவில் தொங்கினால் அது கிழியும். ரத்தம் கசிந்தால் அந்த மீனை விட்டும் பிரயோசனம் இல்லை. நனைத்த சாக்குப் பையோ வலைத் தொட்டிலோ எடுத்து, முதலில் ஈரத்தோடு அதை மட்டும் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மீனோடு நிறுத்துக் கழியுங்கள். தராசு சரியா என்று பார்க்க 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். காலிக் கேனை நிறுத்துக்கொண்டு, 20 லிட்டர் அளந்து ஊற்றி மறுபடி நிறுத்தால் வித்தியாசம் 20 கிலோ வர வேண்டும். இருநூறு, முந்நூறு கிராம் தப்பினால் அந்தத் தராசை நோட்டுக்கு நம்ப வேண்டாம்.

தராசே வேண்டாம் என்றால் கணக்கு இருக்கிறது. நீளத்தையும் சுற்றளவையும் செ.மீ.யில் எடுத்து, நீளம் × சுற்றளவு × சுற்றளவு ÷ 29,000 போட்டால் கிலோ வரும். கட்லா மாதிரி பருத்த மீனுக்கு இது. விரால் மாதிரி நீண்ட மீனுக்கு 32,500 ஆல் வகுங்கள். சுற்றளவை முதுகுத்துடுப்புக்குச் சற்று முன்னால், மீன் மிகப் பருத்த இடத்தில் எடுக்க வேண்டும். நூலைச் சுற்றி, பிறகு அளவுகோலில் வைப்பது நல்லது. 80 செ.மீ. கட்லாவுக்குச் சுற்றளவு 62 என்றால் 10.6 கிலோ. அதே நூல் தளர்ந்து 64 என்று விழுந்தால் 11.3. வெறும் 2 செ.மீ. தளர்ச்சிக்கு முக்கால் கிலோ ஏறிவிடுகிறது. நூலை இறுக்கியும் விடாமல் தளர்த்தியும் விடாமல் மூன்று முறை எடுத்து நடு அளவை எழுதுங்கள்.

இனி, எது நியாயமான பிடி என்பது. வாயில் தூண்டில் முள் மாட்டியதுதான் கணக்கு. வயிற்றிலோ முதுகிலோ குத்தி இழுத்த மீன் எத்தனை கிலோ இருந்தாலும் ஏறக் கூடாது. மாவு உருண்டையைச் சுற்றி ஆறு, எட்டு முள் தொங்கவிடும் கொத்து முள்ளில் கட்லா அதிகம் விழுவது அதனால்தான். இரையை உறிஞ்ச வரும்போது உதட்டிலும் கன்னத்திலும் எங்கெங்கோ ஏறுகிறது. உலக சாதனை பார்க்கிற ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பு 1939 முதல் இருக்கிறது. அவர்கள் விதியில் இரை மாட்டும் தூண்டிலுக்கு இரண்டு ஒற்றை முள்ளுக்கு மேல் கிடையாது. நீங்களும் அதையே வையுங்கள். ராடை (தூண்டில் கம்பை) கைமாற்றக் கூடாது என்பதும் அவர்கள் விதிதான். பாதி தூரம் நீங்கள் இழுத்து, மீதியைப் பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் யார் பெயரிலும் எழுத முடியாது. வலையில் அள்ளிக் கொடுக்க மட்டும் உதவலாம்.

யாராவது அந்த உலக சாதனைப் பட்டியலுக்கே அனுப்ப நினைத்தால் வேலை கூடும். எடையைக் கரையில், 12 மாதத்துக்குள் சான்று பெற்ற தராசில் எடுக்க வேண்டும். படகிலோ தண்ணீரிலோ எடுத்தால் செல்லாது. நம்ம ஊரில் தொழிலாளர் துறை முத்திரை போட்ட கடைத் தராசு இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். கொக்கித் தராசுக்கு முத்திரை இருக்காது. லீடரோடு (முள்ளை ஒட்டிக் கட்டும் தனி நரம்புத் துண்டு) முதல் 15 மீட்டர் தூண்டில் நரம்பையும் வெட்டி அனுப்பச் சொல்வார்கள். ஏற்கெனவே உள்ள சாதனை 11.33 கிலோவுக்குக் கீழே என்றால் குறைந்தது 57 கிராமாவது கூடுதல் வேண்டும். 2011 முதல் நீளத்துக்கும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், மீனை உயிரோடு விட்டாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. நோட்டைத் தொடங்கும் உங்களுக்கு அந்த நிபந்தனை ஒன்றே நல்ல ஆரம்பம்.

இன்னொன்று, காவிரிப் படங்களைப் பார்த்து அளவு வைக்காதீர்கள். 1946 இல் காவிரியின் கிளை ஆறான கபினியில் விழுந்த 120 பவுண்டு மகசீர் (பெரிய ஆற்றுக் கெண்டை), அதாவது சுமார் 54 கிலோ, அந்த ஆற்றுக்கு மீன். பாலாற்று வடிநிலத்தில் அந்த ஜாதியே இல்லை. காவிரியிலும் கூன்முதுகு மகசீர் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

ஏரிமதகு:

வாலாஜா நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விராலுக்கு ஒரு காலக் கட்டுப்பாடும் நோட்டில் எழுதுங்கள். மழை பிடித்ததும் ஏரியின் ஓரத்தில் கோரைக்கு நடுவே, தண்ணீருக்கு மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் உருண்டையாகத் தெரியும். அதற்குச் சற்று கீழே காவலுக்குப் பெரிய விரால் நிற்கும். அந்த நேரத்தில் முள் வைத்த ரப்பர் தவளையை (போலி இரை) கூட்டத்துக்கு நடுவில் இழுத்தால் பசியில்லாவிட்டாலும் அது அடிக்கும். குஞ்சைக் காப்பதற்காக அடிக்கிறது. அப்படிப் பெரிய மீன் எடுப்பது எளிது. ஆனால் காவல் போனதும் குறவையும் ஜிலேபியும் வந்து குஞ்சை ஒரு பகலில் தின்று தீர்த்துவிடும். குஞ்சுக் கூட்டத்தின் மேல் எடுத்த விரால் 75 செ.மீ. என்றாலும் ஏற்ற வேண்டாம்.

குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏலம் எடுத்த ஏரியில் கேட்காமல் போட்ட தூண்டிலில் விழுந்த மீனை நோட்டில் எழுதினால் அந்த நோட்டே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகும்.

தக்கை_குடியாத்தம்:

சரி அண்ணே. மீனுக்கு ஒரு பக்கம், குட்டை, ஏரி, அணைக்குத் தனிப் பத்தி, நீளம் கவட்டை நடு வரை, இரண்டு முள், பலகையில் படம். பலகைக்கு வேப்பம் பலகை போதுமா, தண்ணீரில் ஊறி வளையுமா?

பொன்னை_அணைக்கட்டு:

வேம்பு வளையும். மூன்றங்குல பிவிசி குழாயை நெடுக்கில் இரண்டாக வெட்டினால் தொட்டில் மாதிரி வரும், மீன் உருளாது. ஒரு முனையில் மூடியை ஒட்டி, உள்ளே டேப் ஒட்டுங்கள். வெட்டிய விளிம்பைக் கல்லில் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் துடுப்பைக் கிழிக்கும். 2 கிலோவுக்கு மேலான கட்லாவுக்கு அது ஒடுக்கமாக இருக்கும், ஆறங்குலக் குழாய் வாங்குங்கள்.