பக்கத்துக் காட்டில் ஹைபிரிட் கம்பு நின்றால் நாட்டுக் கம்பு கலக்குமா?

கரிசல்காட்டான்:
மீசைக் கம்பு, அதாவது கதிரில் முள்மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நாட்டுக் கம்பு பற்றிய இழையில் விதைப்பெட்டி ஐயா நேற்று எழுதியிருந்தார்: "நாட்டு விதைக்கு வைராக்கியம் உண்டு. பக்கத்துக் காட்டில் ஹைபிரிட் நின்றாலும் கலக்காது." படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தினை, சாமைக்கு இதைச் சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். அவை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்திலேயே மணி பிடிப்பவை. கம்பு அப்படியா? கதிரில் முதலில் எட்டிப் பார்ப்பது வெள்ளை நூல் மாதிரியான சூல்முடி. மகரந்தப் பை வெளியே வர இரண்டு மூன்று நாள் பிந்தும். அதற்குள் காற்றில் எந்தக் கம்பின் தூள் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். உழவருக்கு விற்கும் சான்று விதைக்கு 200 மீட்டர், அந்தச் சான்று விதைக்கே மூலமான ஆதார விதைக்கு 400 மீட்டர் என்று வேறு கம்பிலிருந்து தள்ளி விதைக்கச் சொல்வது பொழுது போகாமலா?

விதைப்பெட்டி:
200 மீட்டராம்! என் பாட்டன் டேப் பிடித்து அளந்தா விதைத்தார்? என் கதிரில் மீசை அப்படியே இருக்கிறது. கலந்திருந்தால் மீசை எங்கே போயிருக்கும்? பதில் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
உங்கள் பாட்டன் காலத்தில் சுற்று வட்டாரமே நாட்டுக் கம்பு. கலந்தாலும் அதுவும் அதுவும்தான் கலந்தது. இந்தியாவில் முதல் ஹைபிரிட் கம்பு வந்ததே 1965-இல். அப்புறம், இந்தப் போகத்துக் கதிர் தாயைப் போலத்தான் இருக்கும். கலப்பு மணிக்குள் உட்கார்ந்திருக்கும். அதை விதைத்தால்தான் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்தி முற்றுவது என்று வண்டவாளம் தெரியும்.

மலைச்சாமை:
கொல்லிமலையில் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை எல்லாம் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. எங்களுக்கு யாரும் மீட்டர் கணக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கரிசல்காட்டான்:
சாமைக்கு 3 மீட்டர் போதும் என்பதுதான் விதைச்சான்று விதியே. நான் பேசுவது கம்பு. க-ம்-பு.

மலைச்சாமை:
சமவெளிக்காரர்களுக்குச் சாமை என்றால் எப்போதும் இளக்காரம்.

மொட்டைமாடி:
தொட்டியில் நாட்டுக் கம்பு போடலாமா?

விதைப்பெட்டி:
மீசைக்குப் பதில் வரவில்லை. கவனித்தீர்களா?

ஆடிப்பட்டம்:
மீசை இருக்கட்டும் ஐயா. போன பட்டத்தில் உங்களிடம் வாங்கிய விதையில் பாதி முளைக்கவே இல்லை. இன்னும் மறக்கவில்லை.

விதைப்பெட்டி:
கதிரோடு கட்டி அடுப்படிப் புகையில் தொங்கவிடச் சொன்னேன். நீங்கள் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் விதை என்ன செய்யும்? இதில் நான் விதை விற்பது தப்பு என்று ஒரு கூட்டம் வேறு. 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவன் தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்ட் போடாமல் விற்கலாம்.

கரிசல்காட்டான்:
தப்பு என்று இங்கே யார் சொன்னது? விற்கிறவர்தான் 200 மீட்டரைப் பார்க்க வேண்டும் என்கிறேன். இடம் இல்லையா, பக்கத்துக் காடு பூத்து முடிந்த பிறகு உங்களுடையது பூக்கிற மாதிரி மூன்று வாரம் தள்ளி விதையுங்கள். அதுவும் முடியாதா, சூல்முடி வருமுன் கதிருக்குக் காகித உறை மாட்டுங்கள். நாலு கதிரோடு நிறுத்திவிடாதீர்கள். உறைக்குள் தன் தூளிலேயே மணி பிடித்து, அதையே திரும்பத் திரும்ப விதைத்தால் கம்பு நோஞ்சானாகிவிடும். நூற்றுக்கணக்கான கதிரில் எடுத்துக் கலந்து வையுங்கள்.

விதைப்பெட்டி:
கம்புக்குச் சட்டை மாட்டச் சொல்கிறார்! மீசை இருப்பதால் குருவியே என் கதிரில் உட்கார யோசிக்கிறது. அதை ஹைபிரிட்டில் காட்டுங்கள் பார்ப்போம்.

கரிசல்காட்டான்:
குருவி உட்காராது, சரி. தூள் உட்காருமே!

ஆடிப்பட்டம்:
அந்தப் பாதி விதைக்கு என்ன பதில்?

விதைப்பெட்டி:
வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள். நாளைக்குக் கதிரைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கரிசல்காட்டான்:
போடுங்கள். பக்கத்துக் காடும் தெரிகிற மாதிரி எடுங்கள்.