புதுப்பிப்பு: டிரில் பைப் (கிணறு துளையிடும் குழாய்) இணைப்பில் வாஷ்அவுட் (கசிவால் ஏற்படும் அரிப்பு), டார்க் சரியாக இருந்தும் ஏன்?

முந்தைய பதிவில், அட்டவணையில் உள்ள மேக்கப் டார்க்கை (இணைப்பை இறுக்கும் முறுக்குவிசையை) அப்படியே கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தது. அது பாதிதான் சரி.

அந்த எண், உராய்வுக் காரணி 1.0 உள்ள டோப்புக்கானது (டோப்: மரையில் பூசும் மசகு). டப்பாவில் 1.15 என்று இருந்தால் 30,000 அடி-பவுண்டு 34,500 ஆகவேண்டும். பெருக்காமல் விட்டால் ஷோல்டர் (இரு குழாய் முனைகளும் ஒன்றோடொன்று அழுந்தும் தட்டை விளிம்பு) இறுக்கம் குறையும். மட் (துளையிடும் சேற்றுத் திரவம்) கசிவதைத் தடுப்பது ஷோல்டர் மட்டும்தான். மரைகளுக்கிடையே எப்போதும் இடைவெளி உண்டு. ஷோல்டர் தளர்ந்து அந்த இடைவெளி வழியாக மட் நுழைந்தால் உலோகத்தை அரித்துவிடும். காரணி 1-க்குக் கீழே உள்ள டோப்பில் அட்டவணை எண்ணையே கொடுத்தால் இறுக்கம் மிகுந்து பின் (ஆண் மரை முனை) நீண்டுவிடும், பாக்ஸ் (பெண் மரை முனை) விரியும்.

கையால் போடும் டாங் (குழாயைப் பிடித்து முறுக்கும் பெரிய இடுக்கி) என்றால் இழுகயிறு டாங் கைக்கு 90 பாகையில் இருக்க வேண்டும். 60 பாகையில் இழுத்தால் 13 சதவீத டார்க் காணாமல் போகும். மானியில் இது தெரியாது, ஏனென்றால் அது கயிற்றின் இழுவிசையைத்தான் காட்டுகிறது.

ஷோல்டரில் கீறல் இருந்தால் ரீஃபேஸ் (முகப்பைச் சீவிச் சமன்) செய்யலாம்: ஒரு தடவைக்கு 1/32 அங்குலம், மொத்தமாக 1/16. அதற்குமேல் மரையையே புதிதாக வெட்ட வேண்டும்.

துளையிடும்போது பம்ப் ஸ்ட்ரோக் மாறாமல் அழுத்தம் மட்டும் மெல்ல இறங்கினால், முதலில் பம்ப்பையும் மேற்பரப்புக் குழாய்களையும் பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் வாஷ்அவுட்டாக இருக்கலாம், உடனே பைப்பை வெளியே எடுங்கள். சுழற்றிக்கொண்டே இருந்தால் பைப் முறிந்து ஃபிஷிங் (கிணற்றுக்குள் சிக்கிய துண்டை மீட்கும்) வேலைதான்.