பிராய்லர் பெட்டையை முட்டைக்கு வளர்க்கலாமா?

கேட்டவர்: வேலியோரக்கோழி
பல்லடம் பக்கம் பண்ணையில் கழித்த பிராய்லர் குஞ்சுகளை வீட்டில் விட்டு, வயிறு நிறையத் தீவனம் போட்டேன். இப்போது ஒரு நாள் இரட்டைக்கரு, மறுநாள் தோல்முட்டை, அப்புறம் ஒன்றுமே இல்லை. நேற்று ஒரு பெட்டை செத்தது. அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கொழகொழவென்று கிடந்தது. சேவலோ மிதிக்கப் போய்ச் சரிந்து விழுகிறது. ஹார்மோன் ஊசிதான் காரணமா?

பிரீடர்_ஷெட்
ஊசியெல்லாம் இல்லைங்க. வளர்ச்சி ஹார்மோன் புரதம், தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். ஒவ்வொரு கோழிக்கும் ஊசி போட்டால் யாருக்குக் கட்டும்? எல்லாம் எடை பார்த்துப் பொறுக்கிய வம்சம். கனடாவில் பழைய, புதிய ரகங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் 1957 ரகம் 905 கிராம், 2005 ரகம் 4,202 கிராம்.

அதற்கான விலை சூலகத்தில் தெரியும். ஒழுங்காக இடும் பெட்டையின் கருக்கள் படிக்கட்டு மாதிரி நிற்கும். பெரியது இன்று, அடுத்தது நாளை. இஷ்டத்துக்குத் தின்ற பிராய்லர் பெட்டையில் ஒரே அளவில் ஜோடி ஜோடியாக நிற்கும். இரண்டும் சேர்ந்து கழன்றால் இரட்டைக்கரு. முட்டைக்குழாயில் விழாமல் வயிற்றுக்குள் போனால், நீங்கள் பார்த்ததுதான். எத்தனை கரு வளரலாம் என்று கடிவாளம் போடுவதில் ஆன்டி முல்லேரியன் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. தீனி மிஞ்சினால் அது குறைகிறது.

அதனால்தான் பேரண்ட் கோழிக்கு, அதாவது பிராய்லர் குஞ்சுகளுக்குத் தாய் தகப்பனாக நாங்கள் வளர்ப்பவற்றுக்கு, குஞ்சிலிருந்தே எடை பார்த்து அளந்து போடுகிறோம். பசியில் அவை தட்டைக் கொத்துகிற சத்தம் எனக்கே சங்கடம்தான். ஆனால் இஷ்டத்துக்குத் தின்ன விட்டால் சாவு கூடும்.

கால்நடை_மாணவி
அண்ணா சொன்னது சரி. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக்கில் 1957 முதல் 8 வார எடையை மட்டும் பார்த்து இரண்டு வம்சம் பிரித்தார்கள். கனமான வம்சம் அளவில்லாமல் தின்றது. ஒல்லி வம்சத்தில் சில பெட்டைகள் முட்டைக்கே வரவில்லை. இரண்டு பக்கமும் இழப்புதான்.

வேலியோரக்கோழி
சரி, இனி தீனியைக் குறைக்கட்டுமா? சேவலை என்ன செய்ய?

பிரீடர்_ஷெட்
திடீரென்று குறைத்தால் முட்டையே நின்றுவிடும். மெல்ல, எடை போட்டுப் பார்த்துக் குறையுங்கள். சேவலுக்கு மார்பும் கனமும் இடைஞ்சல். எங்களிடமே சேவலுக்கு வயதானால் முட்டைகள் கருக்கூடுவது குறையும், இளஞ்சேவல் விடுவோம். பெரிய மார்பு வான்கோழிக்கோ செயற்கைக் கருவூட்டல்தான். உங்கள் சேவலைக் கறிக்கு விட்டுவிட்டு, பெட்டைகளோடு நாட்டுச் சேவலை விடுங்கள்.