சமூகவியல் படிப்பதால் மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி (திருகோணமலை மாவட்டம் உப்புவெளியிலிருந்து ஓர் அண்ணன்)
வணக்கம். உயர்தரக் கலைப்பிரிவில் சித்தியடைந்த என் தங்கை, பல்கலைக்கழகத்தில் சமூகவியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்புகிறாள். படித்து முடித்தபின் என்ன செய்யப்போகிறாய் என்று மாமா கேட்டபோது அவளுக்கும் எனக்கும் விடை தெரியவில்லை. படித்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் (மூதூர், வெளிக்கள உத்தியோகத்தர்)
தம்பி, நான் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். மூன்றாம் ஆண்டில் வினாக்கொத்தோடு ஒரு கரையோரக் கிராமத்துக்குப் போனோம். "குடும்பத் தலைவர் யார்?" என்பதே முதல் வினா. அடுப்படியிலிருந்து சேலைத் தலைப்பில் கைதுடைத்தபடி வந்த ஓர் அம்மா, அதைக் கேட்டதும் பேசாமல் நின்றார். கணவர் காணாமற்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் பெயரைச் சொன்னால் அவர் இல்லையென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற தவிப்பு அவருக்கு. பேனாவை மூடிவிட்டுத் திண்ணையில் அவரோடு நெடுநேரம் இருந்தேன்.

'குடும்பத் தலைவர்' என்ற அந்தச் சொல்லின் வலிமை பின்னர்தான் முழுதாக விளங்கியது. இலங்கையின் கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதே பரவலான வழமையாக இருக்க, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற வகையில் கணவரின் பெயருக்கு எழுதப்பட்டன. ஊர்வழமை அறியாமல் வரையப்படும் ஒரு படிவம் பெண்ணின் உரிமையையே இடம்மாற்றிவிடும் என்பதைக் காணும் கண்ணை எனக்குத் தந்தது இந்தப் படிப்புத்தான்.

பதில் (கிண்ணியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்)
தற்கொலை போன்ற தனிப்பட்ட துயரிலும் சமூகப் பிணைப்பின் இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் பங்குண்டு என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் புள்ளிவிவரங்களைக் கொண்டு வாதிட்டார். அவ்வழியில் பழகிய மாணவர், பள்ளிக்கூடத்தை விட்டு இடைவிலகிய பிள்ளையைச் சோம்பேறி என்று ஒதுக்கமாட்டார். தந்தை எந்தப் பருவத்தில் கரைவலை மீன்பிடிக்குப் போகிறார், வீட்டில் நுண்கடன் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பார்.

தொழிலைப் பொறுத்தவரை, ஆசிரியப் பணி, அரச உத்தியோகம், தொண்டு நிறுவனங்களின் ஆய்வு வேலை ஆகியவற்றுக்கு வழியுண்டு. ஆனால் பட்டம் மட்டும் போதாது. தங்கை புள்ளியியலையும், மூவினமும் வாழும் நம் மாவட்டத்தில் களவேலைக்கு இன்றியமையாத சிங்களத்தையும் இப்போதே கற்கத் தொடங்கட்டும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா கடைசியில் யாருடைய பெயரைச் சொன்னார் என்று கேட்கிறாள், அக்கா.

பதில் (மூதூர்)
எவருடைய பெயரையும் சொல்லவில்லை. நான் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் காரணத்தை எழுதினேன். அடுத்த வினாக்கொத்தில் அந்த வினாவை, "வீட்டுச் செலவைப் பார்ப்பவர் யார்?" என்று மாற்றினோம்.