ஓவர்கிளாக் பூட்டோட கிராபிக்ஸ் கார்டு வருதாம், காத்திருக்கலாமா?

கேள்வி (பெரம்பூர்):
அடுத்து வரப்போற கிராபிக்ஸ் கார்டுல ஓவர்கிளாக் (நிர்ணயிச்ச வேகத்தை விட ஏத்தி ஓட்டுறது) பண்ண முடியாதாம்: பவர் லிமிட் (கார்டு இழுக்கிற மின்சார வரம்பு) 100 சதவீதத்தைத் தாண்டாது, மெமரி கிளாக்கும் (மெமரி வேகம்) பூட்டுன்னு வதந்தி ஓடுது. சின்ன அறை, ஏசி இல்லை. காத்திருக்கலாமா அண்ணே?

பதில் (தண்டையார்பேட்டை):
வதந்தியை வெச்சு முடிவெடுக்காதீங்க தம்பி. பூட்டு டிரைவர்லயா (கார்டை இயக்க கம்ப்யூட்டர்ல போடுற மென்பொருள்), விபயாஸ்லயான்னு (கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற மென்பொருள்) பாக்கணும். டிரைவர்னா பின்னாடி திறக்க வாய்ப்பிருக்கு. ஆர்எக்ஸ் 7900 ஜிஆர்இ கார்டோட மெமரி ஓவர்கிளாக் வரம்பை ஏஎம்டி 2024 மார்ச்ல டிரைவர் அப்டேட்லயே சரி பண்ணுச்சு. விபயாஸ்னா கஷ்டம்தான். இப்போதைய என்விடியா கார்டுகள் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும், திருத்தின விபயாஸை ஏத்துக்காது. கார்டு வந்ததும் ஜிபியு-ஸிங்கிற மென்பொருளோட அட்வான்ஸ்டு டேப்ல அதிகபட்ச பவர் லிமிட்டைப் பாருங்க.

பதில் (ராயபுரம்):
மே மாச வெயில்ல, ஏசி இல்லாத அறையில ஓவர்கிளாக்கை விட அண்டர்வோல்ட்தான் (வோல்டேஜைக் குறைச்சு சூட்டைக் குறைக்கிறது) பலன் தரும். ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல கன்ட்ரோல்-எஃப் அழுத்தினா வோல்டேஜ் கர்வ் வரும். ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸ்னா 950 மில்லிவோல்ட் புள்ளியை 2,600 மெகாஹெர்ட்ஸுக்கு வெச்சு, அதுக்கு வலப்பக்கம் முழுக்கத் தட்டையாக்கி அப்ளை பண்ணுங்க. அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டுங்க, கிராஷ் ஆனா 30 மெகாஹெர்ட்ஸ் குறைங்க. மெமரி வேகத்தை நூறு நூறு மெகாஹெர்ட்ஸாத்தான் ஏத்தணும், ஒவ்வொரு தடவையும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) அவசியம். ஏன்னா அளவு மீறினா கிராஷ் ஆகாமலே எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற ஃபிரேம் எண்ணிக்கை) இறங்கும்: பிழையான டேட்டாவைத் திரும்பத் திரும்ப அனுப்புறதுலயே நேரம் போயிடும்.

பதில் (வியாசர்பாடி):
தனி பவர் கனெக்டர் இல்லாத கார்டுன்னா மதர்போர்டு ஸ்லாட் தர்ற 75 வாட்தான் உச்சம். அதுல பூட்டு இருந்தாலும் பெரிய இழப்பில்லை.